வெட்டு... வளை... ஒட்டு! பாக்ஸில் வராத சிப்பாயை நாமே உருவாக்கலாம்

'டிராகன் பால்' அகிரா டோரியாமாவை நமக்கு ஓவியராகத்தான் தெரியும். ஆனா, மனுஷன் சரியான பிளாஸ்டிக் மாடல் பைத்தியம். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1970-களில் ஆரம்பித்து நடத்திய ஒரு போட்டியில் கலந்துகொண்டு பரிசெல்லாம் வாங்கியிருக்கிறார். என்ன போட்டி தெரியுமா? கடையில் விற்கிற கட்டைவிரல் உயர ராணுவ வீரன் பொம்மையை வாங்கி, கையை அறுத்து, இடுப்பைத் திருப்பி, காலை மடக்கி, வேற ஒரு ஆளாக மாற்றி அனுப்பணும். பொம்மையை மாற்றிச் செய்யும் போட்டி!

இதற்கு இந்த ஹாபியில் ரெண்டு பெயர் உண்டு. ஆளையே மாற்றினால் கன்வர்ஷன். ஜெர்மன் சிப்பாய் பிரிட்டிஷ்காரன் ஆவது, சிப்பாய் சமையல்காரன் ஆவது எல்லாம் இந்த வகை. ஆள் அதே ஆள்தான், நிற்கும் விதம் மட்டும் மாறுது என்றால் ரீபோஸிங். வேலையில் இறங்கிவிட்டால் ரெண்டும் கலந்துதான் வரும்.

5 சென்டிமீட்டர் பிளாஸ்டிக்கில் அப்படி என்ன இருக்கு என்று தோணலாம். முதலில் அந்த 5 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், கதை சுவாரஸ்யமானது. 1960-களின் தொடக்கத்தில் டாமியா 'பேந்தர்' டாங்க் மாடல் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் உட்கார வேண்டும் என்பதற்காக உடம்பின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் நிஜ டாங்கில் ஏறக்குறைய 35-ல் ஒரு பங்கு. அடுத்தடுத்த வண்டிகளும் 1968-ல் தொடங்கிய ராணுவ பொம்மை வரிசையும் அதே அளவில் வர, பேட்டரிக்காகப் பிறந்த 1/35 உலகத்துக்கே பொது அளவாகிவிட்டது. இந்த அளவில் 175 செ.மீ உயர ஆள் கரெக்டாக 5 செ.மீ.

பாக்ஸைத் திறந்தால் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருத்தன் கையை நீட்டி எங்கோ காட்டுவான், ஒருத்தன் ஓடுவான், ஒருத்தன் மண்டியிட்டுச் சுடுவான். பெயின்ட் எவ்வளவு அருமையாக அடித்தாலும் சரி, அதே பாக்ஸை வாங்கிய டோக்கியோகாரர் வீட்டிலும் லண்டன்காரர் வீட்டிலும் அதே ஆள் அதே திசையில் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்பான். அதனால் அறுக்கிறார்கள். இது முதல் காரணம்.

ரெண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பாக்ஸுக்குள் யார் வரணும் என்பதை விற்பனைதான் முடிவு செய்யுது. ஹாபி கடையின் 1/35 அலமாரியில் ஜெர்மன் பட்டாளம் வரிசை கட்டி நிற்கும். அமெரிக்கர்கள், ரஷ்யர்கள், பிரிட்டிஷார் கொஞ்சம் கொஞ்சம். இரண்டாம் உலகப்போரில் 25 லட்சம் பேரைத் தாண்டிய இந்திய ராணுவம்? தேடித் தேடித்தான் எடுக்கணும். பிளாஸ்டிக்கில் ரொம்ப அரிது. ஆக, நம்ம ஊர் ஆள் வேணும்னா பிளேடை எடுக்க வேண்டியதுதான்.

எடுப்போம். செய்முறையைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு ஆளை வைத்துச் சொன்னால் புரியும். 1944, இத்தாலி, குளிர்காலம். கையில் கண்ணிவெடி தேடும் மைன் டிடெக்டருடன் ஒரு மெட்ராஸ் சாப்பர்.

யார் இந்த 'தம்பி'?

மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பது ராணுவத்தின் இன்ஜினீயர் படை. இன்றைக்கு பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப் அதன் தொடர்ச்சிதான். ராணுவத்தில் இவர்களைச் செல்லமாக 'தம்பிகள்' என்றே கூப்பிடுவார்கள். பாலம் போடுவது, ரோடு போடுவது, எதிரி புதைத்த கண்ணிவெடியைத் தோண்டி எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, சுபேதார் சுப்பிரமணியன் தன்னுடன் வந்தவர்களைக் காப்பாற்ற, வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் தன் உடலையே போட்டார். காஞ்சிபுரம் பக்கத்து ஆள். இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள்.

அந்தக் கடைசி நொடியை மாடலாகச் செய்ய நான் சொல்ல மாட்டேன். 5 செ.மீ பொம்மையில் அது சினிமா போஸ்டர் மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட ஆட்கள் தினமும் செய்த வேலை இருக்கே, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து மண்ணைக் கேட்டுக்கொண்டே நடப்பது, அதைச் செய்வோம்.

அடிப்படையாக டாமியாவின் பிரிட்டிஷ் காலாட்படை செட் போதும். இத்தாலியின் குளிரில் இந்தியப் படையினரும் பெரும்பாலும் அதே கம்பளி பேட்டில்டிரஸ், அதே கேன்வாஸ் பெல்ட்-பை, அதே கிண்ண ஹெல்மெட்தான். உடுப்பில் பாதி வேலை மிச்சம். லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் இணையதளத்தில் இத்தாலியில் இருந்த இந்தியப் படைகளின் போட்டோக்கள் கிடைக்கும். தலையில் என்ன, காலில் என்ன, ஸ்வெட்டர் தெரியுதா என்பதையெல்லாம் அதைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். பாக்ஸ் மேலே இருக்கும் படத்தை நம்பாதீங்க.

முதல் டூல், உங்க போன்

பிளேடை எடுக்கும் முன் போனை எடுங்கள். டைமர் போட்டு, கையில் ஒட்டடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு, அது மைன் டிடெக்டர் என்று நினைத்து நாலு அடி நடந்து பாருங்கள். முன்னால், பக்கவாட்டில், பின்னால் என மூணு கோணத்தில் போட்டோ. வீட்டில் சிரிப்பாங்க, பரவாயில்லை. ஒரு விஷயம், செல்ஃபி கேமரா சில போன்களில் இடவலம் மாற்றிக் காட்டும். வலது கையில் பிடித்தது இடது கையாகிவிடும். அதனால் பின்பக்க கேமராவையே பயன்படுத்துங்கள்.

போட்டோவில் கையையும் காலையும் பார்க்காதீங்க. இடுப்பைப் பாருங்கள். புதுசாக ரீபோஸிங் செய்கிறவர்கள் கையை மட்டும் மாற்றி ஒட்டுவார்கள். பொம்மை கையை மட்டும் ஆட்டும் டிராஃபிக் போலீஸ் மாதிரி நிற்கும். ஆளின் எடை எந்தக் காலில் இருக்கு என்பதுதான் போஸ். வலது காலில் எடையைப் போட்டு நின்றால் வலது இடுப்பு மேலே ஏறும், இடது இடுப்பு இறங்கும். அதைச் சரிக்கட்ட வலது தோள் கொஞ்சம் இறங்கும். பெல்ட் கோடும் தோள் கோடும் எதிரெதிராகச் சாயணும். ரெண்டும் நேர்க்கோடாக இருந்தால் அவன் சிப்பாய் இல்லை, கடை வாசல் பொம்மை.

இதுக்கு நம்மிடம் ஓர் அற்புதமான பாடப்புத்தகம் இருக்கு. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காடு ரிஷபவாகனர், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சோழர் காலச் செப்புத்திருமேனி. காளை மேல் கை ஊன்றி, கால்களைக் குறுக்காகப் போட்டு, சாவகாசமாக நிற்கிறார். காளை இன்றைக்கு இல்லை. ஆனாலும் அந்தக் கை அந்தரத்தில் தொங்குவதாகத் தோன்றவே தோன்றாது. எதன் மேலோ சாய்ந்திருப்பது உடம்பு முழுக்கத் தெரியும். டாங்க் மேல் சாய்ந்து நிற்கும் சிப்பாயைச் செய்ய நினைப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துட்டு வாங்க.

சரியாக வந்திருக்கா என்று பார்க்க கொத்தனார் டெக்னிக் போதும். தூக்குக்குண்டு மாதிரி ஒரு நூலில் சின்ன எடையைக் கட்டி, பொம்மையின் கழுத்துக் குழிக்கு நேராகப் பிடியுங்கள். ஒற்றைக்காலில் எடை என்றால் நூல் அந்தப் பாதத்தில் விழணும். ரெண்டு காலிலும் என்றால் ரெண்டுக்கும் நடுவில். ரெண்டுக்கும் வெளியே விழுந்தால் ஆள் ஓடுகிறான் அல்லது விழுகிறான்.

நம்ம சாப்பர் ஓடுகிற சிப்பாய்க்கு நேர் எதிர். ஓடுகிறவன் எடையை முன்னால் எறிவான். கண்ணிவெடி தேடுகிறவன் முன்காலை நம்பவே மாட்டான். எடை முழுக்கப் பின்காலில். பின்முழங்கால் லேசாக மடிந்திருக்கும். முன்கால் மண்ணைத் தொட்டும் தொடாமலும். கம்பு நீளமாக முன்னால் போவதால் இடுப்பு தானாகப் பின்னால் தள்ளும். காதில் ஹெட்ஃபோன், அதனால் தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். பயத்தை முகத்தில் காட்ட இந்த அளவில் இடமே இல்லை. இடுப்பில்தான் காட்டணும்.

எங்கே வெட்டுவது?

முதலில் பிளாஸ்டிக் எது என்று தெரியணும். டாமியா மாதிரி கிட்டுகள் பாலிஸ்டைரீன். கெட்டியானது, அழகாக வெட்டுப்படும், மாடல் சிமென்ட் பட்டால் லேசாக உருகி ஒன்றோடு ஒன்று பற்றிக்கொள்ளும். பையில் நூறு வீரர்கள் என்று விற்கும் வழுவழு பச்சை பொம்மைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதில் மாடல் சிமென்ட் ஒட்டாது, பெயின்டும் சீக்கிரம் உரிஞ்சிடும். கத்தி பிடித்துப் பழக அது ஓகே.

வெட்டுவதில் ஒரே ரகசியம்தான், உடுப்பில் ஏற்கெனவே கோடு இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். காலர், பெல்ட், சட்டைக்கை நுனி, பூட்ஸின் மேல்விளிம்பு. ஒட்டிய தழும்பு அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பேட்டில்டிரஸ் சட்டை இடுப்போடு முடிவதால் நமக்கு இன்னும் வசதி. மெல்லிய ரேஸர் ரம்பத்தால் இடுப்புப் பட்டையை ஒட்டி அறுத்து, மேலுடம்பைக் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் சாய்த்தாலே பாதி ஆள் மாறிவிடுவான். அறுக்கும்போது பொம்மையை விரலில் பிடிக்காதீங்க, மரக்கட்டை மேல் அழுத்திப் பிடித்து, பிளேடு உங்களை விட்டு விலகிப் போகிற மாதிரி அறுங்கள்.

முழங்கால்தான் நிஜமான வேலை. பாக்ஸில் நடந்துகொண்டிருக்கும் கால் விறைப்பாக இருக்கும். அதை மடக்க, முழங்காலுக்குப் பின்னால் 'வி' வடிவில் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுங்கள். முன்பக்கம் காகிதக் கனத்துக்குப் பிளாஸ்டிக்கை விட்டுவிடணும், அது கீல் மாதிரி வேலை செய்யும். சிமென்ட் தொட்டு மெதுவாக மடக்கினால் 'வி' மூடிக்கொள்ளும். நேர் எதிராக, மடிந்த காலை நீட்டணும்னா பின்னால் ஒரு வெட்டு போட்டு, திறந்து, இடைவெளியில் பிளாஸ்டிக் துண்டைச் சொருகி, மீதியைப் புட்டியால் நிரப்பணும். நெருப்பில் காட்டி வளைக்கும் வீடியோக்கள் நிறைய சுத்துது. கை வளையும், கூடவே சட்டை மடிப்பும் உருகி வழுக்கையாகும். மெழுகுவத்தியை ஸ்ப்ரூ கம்பியை இழுத்து நூலாக்க மட்டும் வெச்சுக்கலாம்.

முழுசாக அறுத்த இடங்களில் பசையை மட்டும் நம்பக் கூடாது. பின் வைஸ் என்கிற, கையால் உருட்டும் குட்டி ட்ரில்லில் ரெண்டு பக்கமும் அரை மி.மீ துளை போட்டு, மெல்லிய செம்புக் கம்பித் துண்டைச் சொருகுங்கள். கம்பி இருந்தால் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பார்த்து முடிவு பண்ணலாம். திருப்தியான பிறகு பசை. ஒரு ராத்திரி அப்படியே விட்டுடுங்க. ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாடல் சிமென்ட் வாசனை நல்லதில்லை.

கை நீளத்தில்தான் நிறைய பேர் மாட்டுவார்கள். வெட்டி ஒட்டும்போது மி.மீ மி.மீ-ஆகக் குறைந்தோ கூடியோ போகும். 1/35-ல் ஒரு மி.மீ என்பது நிஜத்தில் மூன்றரை செ.மீ. தொங்கும் கையின் முழங்கை இடுப்பு மட்டத்தில் வரணும், விரல்நுனி தொடையின் நடுவில். உள்ளங்கையை விரித்தால் தாடையிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை முகத்தை மூடணும். உங்க முகத்திலேயே வெச்சுப் பாருங்க.

டிடெக்டரைப் பிடிக்கும் கைகளுக்குத் துப்பாக்கி பிடித்த பழைய கைகளே போதும். துப்பாக்கியைச் செதுக்கி எடுத்துவிட்டு, மூடிய முஷ்டி வழியாகத் துளை போட்டு கம்பியைக் கோத்தால் கம்பு ரெடி. நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய தட்டு. அதனால்தான் இந்த ஹாபிக்காரர்கள் மிச்ச கைகால்களைக் குப்பையில் போடுவதே இல்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு பழைய ஸ்வீட் டப்பா நிறைய கை, கால், தலை இருக்கும். விருந்தாளிகள் திறந்தால் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும்.

ஹார்டுவேர் கடை புட்டி

அறுத்த இடத்தில் சட்டை மடிப்பு போயிருக்கும், அதைத் திரும்ப உருவாக்கணும். மில்லிபுட், கிரீன் ஸ்டஃப், டாமியா எபாக்ஸி எல்லாம் அருமை. ஆனா, ஆன்லைனில் வரவழைக்கணும். கைப்பழக்கம் வரும் வரை தெருமுனை ஹார்டுவேர் கடையில் பைப் ஒழுகலுக்கு விற்கும் எம்-சீல் போதும். அதுவும் எபாக்ஸி புட்டிதான். கொஞ்சம் சொரசொரப்பு அதிகம், அவ்வளவுதான். ரெண்டு பாகத்தையும் சம அளவில், கோடு தெரியாத வரை பிசையணும். இறுக ஆரம்பித்தால் நமக்காகக் காத்திருக்காது, அதனால் மிளகளவு உருண்டை போதும். பிசையும்போது கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள். பல்குத்தும் குச்சி, தையல் ஊசி, ரெண்டையும் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வேலை செய்தால் ஒட்டாது.

மடிப்பு எங்கே விழும் என்பதற்கு உங்க பேன்ட்டே சாட்சி. காலை மடக்கிப் பாருங்கள். முழங்காலுக்கு முன்னால் துணி இழுபட்டு வழவழவென்று இருக்கும், பின்னால் கசங்கி அடுக்கடுக்காக நிற்கும். இழுபடும் புள்ளியிலிருந்துதான் மடிப்புகள் விசிறி மாதிரி கிளம்பும். பேட்டில்டிரஸ் தடித்த கம்பளி என்பதால் மடிப்பு குறைவாக, தடிமனாக இருக்கணும். மெல்லிய காட்டன் மாதிரி நுணுக்கமாகக் கீறினால் துணியே மாறிப்போகும். அறுந்த பெல்ட் வார்களுக்கு மாஸ்கிங் டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டி ஒட்டலாம்.

தலையும் நிறமும்

தலையை மாற்றுவது எளிது, ஆனா பலன் பெரிசு. பிரிட்டனின் ஹார்னெட் நிறுவனம் தனித் தலைகளையே ரெசினில் விற்கிறது. ரெசினுக்கு மாடல் சிமென்ட் பிடிக்காது, ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் க்ளூதான். தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், மாஸ்க்கும் போடுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் பாக்ஸ் தலையையே கழுத்துக்கடியில் வெட்டி, கீழே பார்த்து லேசாகச் சாய்க்கலாம். நம்ம ஆள் டிடெக்டர் தட்டைத்தான் பார்க்கணும். பார்வை ஒரு மி.மீ தப்பினாலும் அவன் வேடிக்கை பார்ப்பவன் ஆகிவிடுவான்.

வெட்டி ஒட்டி முடித்த பொம்மை சாம்பல் பிளாஸ்டிக், வேறு நிற புட்டி, செம்புக் கம்பி என்று ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். மனசு விட்டுடாதீங்க. சாம்பல் பிரைமர் ஒரு கோட் அடித்ததும் எல்லாம் ஒரே உடம்பாகிவிடும், எங்கே இன்னும் தேய்க்கணும் என்பதும் அப்போதான் தெரியும்.

அடுத்து, நிறம். டாமியா பெயின்ட் வரிசையில் எக்ஸ்.எஃப்-15 என்று ஒரு பாட்டில் உண்டு. பெயர் 'ஃப்ளாட் ஃப்ளெஷ்', அதாவது சதை நிறம். திறந்தால் வெளுத்த ரோஸ். யாருடைய சதை என்று கேட்கத் தோணும்! நம்ம சாப்பருக்கு எக்ஸ்.எஃப்-10 பழுப்பை அடிப்படையாக எடுத்து, அதில் அந்த ரோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே வாங்க. போதும் என்று தோணும் இடத்தில் உங்க கையின் பின்புறத்தோடு ஒப்பிட்டு நிறுத்துங்கள். நிழலுக்குக் கறுப்பு கலந்தால் தோல் செத்துப்போகும், அடர்ந்த செம்பழுப்பு கலக்கணும். வெளிச்சம் படும் மூக்கு, கன்ன எலும்புக்கு வெள்ளை கலந்தால் சாம்பல் பூத்த மாதிரி ஆகும், காவியும் ஆரஞ்சும் கலந்த நிறம் வையுங்கள். உள்ளங்கை வெளுத்திருக்கணும், நிறைய பேர் இதை மறந்துடுவாங்க.

கடைசியாக அவன் நிற்கும் மண். ஒரு மரத்துண்டு மேல் புட்டியும் சலித்த மண்ணும் போதும், டாங்க், இடிந்த வீடு எல்லாம் வேண்டாம். கண்ணிவெடி இல்லை என்று உறுதியான பாதையின் ஓரத்தில் சாப்பர்கள் வெள்ளை நாடா போட்டுக்கொண்டே போவார்கள், பின்னால் வருகிறவர்கள் அந்த நாடாவைப் பார்த்து நடக்க. மாஸ்கிங் டேப்பை ஒன்றரை மி.மீ அகலத்துக்கு வெட்டி, வெள்ளையடித்து, கொஞ்சம் சேறு பூசி, மண்ணில் வளைய விடுங்கள். நாடா அவனுடைய பின்கால் பூட்ஸோடு முடியணும். முன்காலுக்கு அந்தப் பக்கம் வெறும் மண்.